செயின் டிராக்டர் பைத்தியம்: உங்களுக்கு எங்கே பிடித்தது?

#1 செயின்சத்தம்

வணக்கம் நண்பர்களே. போன ஞாயிறு காலையிலிருந்து இருட்டும்வரை என் கேட்டர்பில்லர் டி2-வின் (சக்கரத்துக்குப் பதில் டாங்கி மாதிரி இரும்புச் செயினில் ஓடும் பழைய டிராக்டர்) அடியில் படுத்துக் கிடந்தேன். 5யூ வரிசை, அதாவது 1947-க்கும் 1957-க்கும் இடையில் வந்த அகலமான மாடல். முழங்கைவரை கிரீஸோடு எழுந்து வந்தபோது மகள் கேட்டாள், "இது எவ்வளவு வேகம் போகும்?" முதல் கியரில் மணிக்கு 3 கிலோமீட்டர்கூட வராது, ஐந்தாவதில் 8 வரும் என்றேன். "முதல் கியர்ல நான் நடந்தே முந்திடுவேனே. அப்புறம் எதுக்குப்பா இது?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் இங்கே வந்து கேட்கிறேன்.

ஒரு வேண்டுகோள். "சின்ன வயசு ஞாபகம்" என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். என் குடும்பத்தில் யாரும் செயின் வண்டி ஓட்டியதில்லை. முப்பத்தைந்து வயதுக்கு மேல்தான் முதன்முதலில் ஒன்றைக் கிட்டத்தில் பார்த்தேன். எனக்கு ஏக்கம் வருவதற்கு ஞாபகமே கிடையாது. ஆனாலும் பிடித்துக்கொண்டது. உங்களுக்கு எங்கே பிடித்தது?

(திரும்புவதற்காக வலது செயினின் விசையை அறுக்கும் வலது ஸ்டீயரிங் கிளட்ச் இறுகிப்போய் விடமாட்டேன் என்கிறது. வலது பக்கம் போக வேண்டுமானால் இடப்பக்கமாக முக்கால் வட்டம் அடிக்கிறேன். அது தனிக் கதை.)

#2 கிரீஸ்_கை

எனக்கு அதைக் கிளப்பும் விதத்தில்தான் பிடித்தது. டி2 வைத்திருக்கிறீர்கள் என்றால் உங்களுக்கே தெரியும், தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன்.

பெரிய டீசல் இன்ஜினுக்குப் பக்கத்திலேயே பெட்ரோலில் ஓடும் இரண்டு சிலிண்டர் குட்டி இன்ஜின் ஒன்று உட்கார்ந்திருக்கும். போனி மோட்டார் என்பார்கள். முதலில் அதைக் கிளப்ப வேண்டும். கயிற்றைச் சுற்றி ஓர் இழுப்பு. (கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு இழுக்காதீர்கள். இன்ஜின் திருப்பி உதைத்தால் கை போய்விடும்.) குட்டி படபடவென்று ஓட ஆரம்பித்ததும் அவசரப்படக் கூடாது, கொஞ்சம் சூடாக விட வேண்டும். அப்புறம் பெரியதன் சிலிண்டரில் அழுத்தம் ஏறாமல் விடும் டிகம்ப்ரஷன் லிவரைத் தள்ளி, இரண்டு இன்ஜினையும் இணைக்கும் பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்தைக் கோத்து, போனியின் கிளட்சைப் பிடிக்க விட்டால் பெரிய இன்ஜின் மூச்சுவிடாமல் சும்மா சுழலும். குட்டியின் சூடான தண்ணீர் பெரியதன் வயிற்றுக்குள்ளும் ஓடுகிறது. அதன் புகைச் சூடு பெரியதன் காற்றுக்குழாயையும் சூடாக்குகிறது. ஆயில் பிரஷர் முள் மெல்ல ஏறும்.

முள் ஏறிய பிறகு கம்ப்ரஷனைக் கொடுத்தால் போனி ஒருகணம் முக்கும். சத்தம் கீழே இறங்கி, சமாளித்துக்கொண்டு மறுபடி ஏறும். டீசலைத் திறந்தால் ஒரு சிலிண்டர் இருமும், வெள்ளைப் புகை வரும், அடுத்தது சேரும், மூன்றாவது சேரும், பினியன் தானாகத் தெறித்து விலகும். போனிக்கு வரும் பெட்ரோல் குழாயை மூடி, கார்பரேட்டரில் இருப்பது தீர்ந்து அதுவாகவே நிற்கும்வரை விட வேண்டும். மூட மறந்தால் பெட்ரோல் கசிந்து போனியின் ஆயிலில் கலந்துவிடும்.

எத்தனையோ தடவை செய்தாகிவிட்டது. அந்த ஒருகண முக்கலில் எனக்கு இன்னும் வயிறு கலங்கும்.

#3 எதிர்க்கட்சி

பெயருக்கேற்றபடி எதிர்த்துப் பேச வந்தேன். மன்னிக்கவும்.

கிரீஸ்_கை அண்ணன் அழகாக எழுதியிருப்பது ஒரு தொல்லையின் வர்ணனை. செல்ஃப் மோட்டாரும் நல்ல பேட்டரியும் இருந்தால் இரண்டு நொடி வேலை. அந்தக் காலத்துப் பேட்டரியை நம்பிப் பெரிய டீசலைக் குளிரில் சுழற்ற முடியாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. தேவை போனதும் போனியும் போயிற்று. அதைப் போய் பூஜை மாதிரிச் செய்கிறோம்.

செலவையும் யாரும் பேசுவதில்லை. செயின் வண்டியில் பராமரிப்புச் செலவில் பெரும் பங்கை விழுங்குவது இன்ஜினே இல்லை, அண்டர்கேரேஜ்தான், அதாவது செயினும் அதைத் தாங்கும் ரோலர்களும் பல்சக்கரமும் சேர்ந்த அடிப்பாகம். பெயின்ட் அடித்துப் பளபளவென்று நிற்கும் வண்டியை வாங்கி, வீட்டுக்கு வந்தபின் செயின் ஆயுசு முடிந்துபோனதைக் கண்டுபிடித்தவர்கள் இங்கேயே பாதிப்பேர் இருப்பீர்கள். நானும் ஒருவன், அதனால்தான் சொல்கிறேன்.

#4 பழைய_ஸ்பேனர்

எதிர்க்கட்சித் தம்பி, நீங்கள் குறை என்று சொன்ன அதே அண்டர்கேரேஜில்தான் எனக்குப் பிடித்தது. நாற்பது வருஷம் கனரக வண்டி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வண்டியின் ஸ்ப்ராக்கெட்டின் (செயினை இழுக்கும் பல்சக்கரம்) பற்களை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலான பழைய கேட்டர்பில்லரில் எண்ணிக்கை ஒற்றைப்படையில் வரும். தற்செயல் இல்லை. செயினின் ஒவ்வொரு புஷ்ஷும் (இணைப்புகளைக் கோக்கும் பின்னைச் சுற்றிய இரும்புக் குழாய்) ஒரு பள்ளம் விட்டு ஒரு பள்ளத்தில்தான் உட்காருகிறது. பற்கள் இரட்டைப்படை என்றால் காலம் முழுக்க அதே பாதிப் பற்கள் தேயும், மீதிப் பாதி புதுசாகவே நிற்கும். ஒற்றைப்படை என்பதால் முதல் சுற்றில் தப்பிய பல் அடுத்த சுற்றில் மாட்டும். எல்லாப் பல்லும் முறை வைத்துத் தேயும்.

அடுத்தது பின்னும் புஷ்ஷும். செயின் வளையும்போது பின் ஒரு பக்கம்தான் தேய்கிறது, புஷ்ஷும் அப்படியே. தேய்ந்ததும் தூக்கிப்போட வேண்டாம். பிரஸ்ஸில் வைத்துக் கழற்றி, இரண்டையும் அரைவட்டம் திருப்பி மறுபடி அடித்தால் தேயாத பக்கம் வேலைக்கு வரும். ஒரே இரும்புக்கு இரண்டு ஆயுசு. இதை வரைந்தவன் தேய்மானத்தைத் தடுக்க முடியாது என்று ஒப்புக்கொண்டு, அதோடு பேரம் பேசியிருக்கிறான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குச் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி என்னை இன்ஜின் பக்கமே விடமாட்டார். செயின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு இணைப்பாக நடக்கச் சொல்வார். எந்த இணைப்பு லொடலொடக்கிறது, எந்த ரோலரில் விளிம்பு போயிருக்கிறது, முன்னால் செயினைத் தாங்கும் ஐட்லர் சக்கரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கைதான் சொல்ல வேண்டும். பல்லின் நுனி சுறாத்துடுப்பு மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து கூராகியிருந்தால் மேலே எவ்வளவு பளபளப்பு இருந்தாலும் வண்டி கிழம். இதைப் பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம், குனிந்தால் போதும்.

இப்போது வரும் வண்டிகளில் என்ன கோளாறு என்பதைத் திரைதான் சொல்கிறது. நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அதில் எனக்குப் பேச்சுத்துணை இல்லை.

#5 புதுசு_2

குறுக்கே ஒரு கேள்வி. இந்தச் செயினை முதலில் கண்டுபிடித்தது யார்? ஹோல்ட் என்று ஓர் இடத்தில் படித்தேன், ஹார்ன்ஸ்பி என்று இன்னோர் இடத்தில்.

#6 சாம்பல்நிறம்

ஆல்வின் லம்பார்டை விட்டுவிட்டீர்களே. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துக்காரர். காட்டிலிருந்து மரம் இழுக்க நீராவியில் ஓடும் வண்டி செய்து 1901-இல் காப்புரிமை வாங்கினார். பின்னால் செயின், முன்னால் சக்கரத்துக்குப் பதிலாகப் பனிச்சறுக்குக் கட்டைகள். அந்தக் கட்டைகளுக்கு மேலே, கொதிகலனுக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்து ஸ்டீயரிங் பிடிக்க வேண்டும். பின்னால் டன் கணக்கில் மரம், கீழே பனிச்சரிவு. அந்த வேலைக்கு எப்படி ஆள் கிடைத்தார்கள் என்று நான் இன்னும் யோசிக்கிறேன்.

பெஞ்சமின் ஹோல்ட் கதை வேறு. கலிபோர்னியாவில் ஸ்டாக்டனைச் சுற்றியுள்ள சதுப்பு நிலம் கறுத்த, பஞ்சு மாதிரியான மண். வண்டி புதைகிறதே என்று சக்கரத்தை அகலமாக்கினார்கள். இன்னும் புதைந்தது, இன்னும் அகலமாக்கினார்கள். கடைசியில் ஒரு வண்டியின் மொத்த அகலம் 46 அடி. அதைத் திருப்புவது எப்படி? 1904 நவம்பர் 24 அன்று பின்சக்கரங்களைக் கழற்றிவிட்டு, மரப்பலகை பதித்த செயினை மாட்டி ஓட்டிப் பார்த்தார். புதையாமல் நின்றது, போயிற்று.

#7 ஒற்றைச்_சிலிண்டர்

இங்கிலாந்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிரான்தத்தில் இருந்த ரிச்சர்ட் ஹார்ன்ஸ்பி நிறுவனத்தில் டேவிட் ராபர்ட்ஸ் என்ற பொறியாளர் செய்த செயினுக்கும் காப்புரிமை அதே 1904-இல்தான். ராணுவத்துக்கு ஓட்டிக் காட்டினார்கள், சிப்பாய்கள் பார்த்துவிட்டுக் கம்பளிப்பூச்சி (ஆங்கிலத்தில் கேட்டர்பில்லர்) என்று பெயர் வைத்தார்கள், ஆனால் அதிகம் வாங்க ஆள் இல்லை. கடைசியில் அந்தக் காப்புரிமையை விலைக்கு வாங்கியதும் ஹோல்ட்தான். அமெரிக்கப் பக்கத்தில் அதே பெயரை ஹோல்டின் வண்டியைப் படம் எடுக்க வந்த புகைப்படக்காரர் சொன்னதாகக் கதை. லென்ஸில் தலைகீழாகத் தெரிந்ததாம், மேல்பக்கச் செயின் அலையலையாக நெளிந்ததாம். இரண்டு இடத்திலும் அதே பூச்சி நினைவுக்கு வந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. மேல்செயின் தொங்கித் தொங்கி ஓடுவதை ஒரு தடவை பார்த்தால் குழந்தையும் அதைத்தான் சொல்லும்.

#8 புதுசு_2

நன்றி. அப்போ கேட்டர்பில்லர் கம்பெனி ஹோல்டுடையதா?

#9 சாம்பல்நிறம்

ஹோல்டும் பெஸ்டும் சேர்ந்தது. டேனியல் பெஸ்ட் தன் கம்பெனியை 1908-இல் ஹோல்டுக்கு விற்றார். அவர் மகன் சி. எல். பெஸ்ட் கொஞ்ச காலத்திலேயே தனியாக ஒன்று தொடங்கிப் போட்டிக்கு வந்தார். வழக்கு மேல் வழக்கு. கடைசியில் 1925-இல் இரண்டும் ஒன்றாகின. சேர்ந்த பிறகு நிலைத்தது பெஸ்டின் வண்டி, அதுதான் சிக்ஸ்டி. 1919-இல் தொடங்கி 1931 வரை வந்தது. 6½ அங்குல சிலிண்டர் நான்கு, 8½ அங்குல ஸ்ட்ரோக், மொத்தம் சுமார் 18½ லிட்டர், அதுவும் பெட்ரோல் இன்ஜின்! நிமிடத்துக்கு 650 சுற்றுதான். ஒவ்வொரு வெடியையும் தனித்தனியாக எண்ணலாம்.

அதில் போனி கிடையாது, கைச்சுழற்றியும் கிடையாது. ஃப்ளைவீலில் துளைகள் இருக்கும், அதில் இரும்புக் கடப்பாரையைச் செருகி இழுத்துக் கிளப்ப வேண்டும். சோவியத்தில் செல்யாபின்ஸ்க் தொழிற்சாலை 1933-இல் இதே வண்டியைப் பார்த்து ஸ்டாலினெட்ஸ் 60 என்று செய்யத் தொடங்கியது.

#10 ஒற்றைச்_சிலிண்டர்

கடப்பாரை என்ன பெரிய விஷயம், எங்களுடையதற்குத் தோட்டா!

ஃபவுலர் வி.எஃப். 1947-இல் வந்தது. மார்ஷல் டிராக்டரின் இன்ஜினைச் செயின் மேல் ஏற்றியது. படுக்கைவாட்டில் ஒரே ஒரு சிலிண்டர், 6½ அங்குலத்துக்கு 9 அங்குலம், கிட்டத்தட்ட 4.9 லிட்டர், இரண்டு ஸ்ட்ரோக் டீசல். முன்னால் உள்ள சிறு பிடியின் நுனியில் ரசாயனம் ஊறிய காகிதத்தைப் புகையவிட்டுத் திருகிவிட்டு, ஃப்ளைவீலைச் சரியான இடத்தில் நிறுத்தி, கைச்சுழற்றியால் சுற்றலாம். உடம்பில் தெம்பில்லையா, துப்பாக்கித் தோட்டா மாதிரி ஒன்றை அதற்கான அறையில் வைத்துச் சுத்தியலால் தட்டலாம். டமார்! புகைமூட்டத்துக்கு நடுவே அந்த ஒற்றைச் சிலிண்டர் "டொம்… டொம்… டொம்" என்று ஆரம்பிக்கும். ஒவ்வொரு டொம்முக்கும் வண்டி முழுதும் முன்னும் பின்னும் ஆடும். நான் முதல்முறை செய்தபோது பக்கத்தில் நின்றிருந்த நாய் இரண்டு நாள் வீட்டுக்கே வரவில்லை.

எதிர்க்கட்சிக்கு இதுவும் தொல்லையின் வர்ணனைதான். ஒப்புக்கொள்கிறேன்.

#11 கிரீஸ்_கை

இந்த வரிசையில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் டி.டி. வண்டிகளை மறக்கக் கூடாது. ஒரே இன்ஜின் முதலில் பெட்ரோலில் ஓடும், அப்புறம் டீசலுக்கு மாறும். தலையில் கூடுதலாக ஓர் அறை, அதற்கு ஒரு வால்வு. திறந்தால் கம்ப்ரஷன் குறையும், ஸ்பார்க் பிளக் வேலைக்கு வரும். ஒரு நிமிஷம் போல ஓடியதும் வால்வு மூடிக்கொண்டு டீசல் பாயும். மேக்னட்டோ, கார்பரேட்டர், இன்ஜெக்ஷன் பம்ப் மூன்றும் ஒரே இன்ஜினில்! கெட்டுப்போகக்கூடிய சாமான் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்துவைத்த புண்ணியவான் யாரோ. ஆனால் மாறும் அந்த நொடியில் சத்தம் மென்மையிலிருந்து கரகரப்புக்குத் தாவும் பாருங்கள், அதற்காக மன்னிக்கலாம்.

சத்தம் என்றதும் அல்லிஸ் சால்மர்ஸ் எச்.டி.14. 1940 வாக்கில் ஜெனரல் மோட்டார்ஸின் 6-71 இரண்டு ஸ்ட்ரோக் டீசலைப் போட்டு வந்தது. ஊளையிடும். நாள் முழுக்க அதன் மேல் உட்கார்ந்தவர்களுக்குக் காது மந்தமாகிப் போனது ஒன்றும் அழகான விஷயம் இல்லை. பழைய வண்டி ஓட்டுகிறவர்கள் காதடைப்பான் போடுங்கள், கேட்பவர்கள் சிரித்தாலும் சரி.

#12 எதிர்க்கட்சி

சரி, கதைகள் சுவாரஸ்யமாகத்தான் இருக்கின்றன. ஆனால் இழையின் கேள்வி "ஏன்?" என்பது. "மண்ணை அமுக்காது, மெத்தென்று போகும்" என்று அடுத்து யாராவது வருவீர்கள். அதற்கும் முன்கூட்டியே ஒரு கணக்கு.

5 டன் வண்டி, இரண்டு செயினும் மண்ணைத் தொடும் பரப்பு 1.2 சதுர மீட்டர் என்று வையுங்கள். சதுர சென்டிமீட்டருக்கு 0.42 கிலோ வருகிறது. 70 கிலோ ஆள் நடக்கும்போது ஒற்றைக்காலில் 200 சதுர சென்டிமீட்டரில் நிற்கிறான், 0.35. ஆகா, மனிதக் காலடி அளவுதான் என்று எல்லோரும் கைதட்டுவார்கள். ஆனால் இது சராசரி. செயின் விறைப்பான பலகை இல்லை, இணைப்பு இணைப்பாக மடங்குவது. பாரம் ரோலருக்கு நேர்கீழே குவியும், இரண்டு ரோலருக்கு நடுவே குறையும். அப்புறம் அதிர்வு வேறு.

#13 பழைய_ஸ்பேனர்

கணக்கு சரி தம்பி, நானும் அதை மறுக்கமாட்டேன். ஆனாலும் சக்கர வண்டி அச்சுவரை புதைந்து கிடக்கும் இடத்தில் செயின் வண்டி மேலே மிதந்துகொண்டு போய் அதை இழுத்து வெளியே போட்டிருக்கிறது. ரோலருக்கு அடியில் கூடினாலும் மொத்தத்தில் இவ்வளவு பரந்து நிற்கும் சாதனம் அப்போது வேறு இருக்கவில்லை. எவரெஸ்ட் ஏறிய ஹிலாரி 1958 ஜனவரி 4-ஆம் தேதி தென்துருவம் போய்ச் சேர்ந்தது எதில் தெரியுமா? மூன்று சாதாரண ஃபெர்குசன் பண்ணை டிராக்டர்கள், சக்கரங்களைச் சுற்றிச் செயின் மாட்டியவை.

இன்னொன்று. இதை ஓட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

பழைய வண்டியில் ஸ்டீயரிங் சக்கரம் இல்லை. இரண்டு லிவர், இரண்டு பிரேக் பெடல். வலது லிவரை இழுத்தால் வலது செயினுக்குப் போகும் விசை அறுபடும், இடது தள்ளிக்கொண்டிருக்கும், வண்டி வலப்பக்கம் திரும்பும். இன்னும் கூர்மையாகத் திரும்ப வலது பிரேக். இவ்வளவுதான் பாடம்.

இப்போது செங்குத்தான இறக்கத்தில் பின்னால் பாரத்தோடு இறங்குகிறீர்கள். வலப்பக்கம் திரும்ப வலது லிவரை இழுக்கிறீர்கள். வண்டி இடப்பக்கம் போகும்! ஏனென்றால் இறக்கத்தில் இன்ஜின் தள்ளவில்லை, பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கிறது. வலது செயினை நீங்கள் விடுவித்ததும் அது தடையில்லாமல் வேகமாக உருளும், இடது செயினை இன்ஜின் இன்னும் பிடித்திருக்கும். அதனால் இறக்கத்தில் எதிர்ப்பக்க லிவரை இழுக்க வேண்டும், இல்லையென்றால் லிவரோடு சேர்த்து அதே பக்கப் பிரேக்கை உடனே அழுத்த வேண்டும்.

இதை வாயால் சொல்லி யாருக்கும் புரிந்ததில்லை. இறக்கத்தின் நடுவில், இன்ஜின் தள்ளுவதை நிறுத்திப் பிடிக்க ஆரம்பிக்கும் இடம் ஒன்று வரும். அதை இருக்கையில்தான் உணர வேண்டும். உணர்ந்துவிட்டால் அப்புறம் அந்த வண்டியை விட மனம் வராது. செயின்சத்தம் சார், உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்.

#14 ஒற்றைச்_சிலிண்டர்

கிளெட்ராக்கில் இந்த வம்பு வராது. கிளீவ்லாண்ட் டிராக்டர் கம்பெனியின் வண்டி. கிளட்சுக்குப் பதில், இரண்டு பக்கத்துக்கும் விசையைப் பிரித்துக்கொடுக்கும் டிஃபரன்ஷியலையே கட்டுப்படுத்துவார்கள். திரும்பும்போதும் இரண்டு செயினுக்கும் விசை இருக்கும், ஒன்று மெதுவாக, ஒன்று வேகமாக. இறக்கத்திலும் இழுத்த பக்கமே திரும்பும். நின்ற இடத்தில் சுழல முடியாது, அதுதான் விலை. இரண்டாம் உலகப் போரின் ஷெர்மன் டாங்கிகளில் இருந்ததும் இதே ஏற்பாடு.

#15 சாம்பல்நிறம்

எனக்குப் பிடித்தது எங்கே என்று நான் இன்னும் சொல்லவில்லை. என் பெயரைப் பாருங்கள், புரியும்.

கேட்டர்பில்லர் என்றாலே மஞ்சள் என்று நினைக்கிறோம். 1931 டிசம்பர்வரை தொழிற்சாலையிலிருந்து வந்தவை சாம்பல் நிறம், சிவப்பு ஓரம். அப்புறம்தான் மஞ்சள். 1929-இல் வந்த டென் என்ற குட்டி வண்டி ஒன்றைப் பார்க்கப் போனேன். யாரோ பளபளக்கும் மஞ்சளை வாரிப் பூசியிருந்தார்கள். இருக்கைக்கு அடியில், கருவிப்பெட்டியின் மூடியைத் திறந்தால், உள்ளங்கை அகலத்துக்குப் பழைய சாம்பல் தப்பியிருந்தது. அதன் மேல் யாரோ ஆணியால் கீறிவைத்த கோடுகள், ஐந்தைந்தாக. ஆயில் மாற்றிய கணக்கா, உழுத நாள் கணக்கா, தெரியவில்லை. அந்த மூடியை இன்னும் கொஞ்சம் தேய்த்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

அதனால் தயவுசெய்து மணல் வீசித் தேய்க்கும் முன் ஒரு தடவை பாருங்கள். துரு அரிப்பதை நிறுத்துங்கள், எண்ணெய் பூசுங்கள், அதோடு விடுங்கள்.

#16 கிரீஸ்_கை

இங்கே நான் உடன்படமாட்டேன் அண்ணே. என் வண்டியின் பானெட் தகடு சல்லடையாக இருந்தது. விட்டிருந்தால் இன்னும் இரண்டு மழையில் சாமான் கொட்டியிருக்கும். புதுத் தகடு போட்டால் அதற்குப் பெயின்ட் வேண்டாமா? பாதி புதுசு, பாதி துருவாக நிற்பது பார்க்க நன்றாகவா இருக்கும்? பெயின்ட் அடித்த வண்டியைக் குற்றவாளி மாதிரிப் பார்க்காதீர்கள்.

#17 சாம்பல்நிறம்

தகடு போனால் போடத்தான் வேண்டும். நான் சொன்னது நல்ல தகட்டைப் பற்றி. சரி, இதை நாம் வேறு இழையில் நூறு தடவை அடித்துக்கொண்டாயிற்று.

#18 புதுசு_2

எனக்கு ஒன்று வாங்க ஆசை வந்துவிட்டது. சின்னதாக, தோட்டத்துக்கு. எது பார்க்கலாம்?

#19 ஒற்றைச்_சிலிண்டர்

ரான்சம்ஸ் எம்.ஜி. வரிசை. 1936-இல் எம்.ஜி.2 என்று தொடங்கியது. ஒற்றைச் சிலிண்டர், 600 சி.சி. இன்ஜின், இணைப்புகளில் பின்னுக்குப் பதில் ரப்பர் வைத்த செயின். மோட்டார் சைக்கிளை விடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். ஜான் டீரின் பழத்தோட்ட டிராக்டரை வாஷிங்டன் மாநிலத்து யாக்கிமாவில் லிண்டமன் சகோதரர்கள் செயினில் ஏற்றிய வண்டியும் அழகு. ஆனால் சேகரிப்பவர்கள் கண் அதன் மேல் பலமாக விழுந்திருக்கிறது, சும்மா கிடைக்காது.

#20 பழைய_ஸ்பேனர்

எதை வாங்கினாலும் தம்பி, இரண்டு விஷயம். ஓட்டிக் காட்டச் சொல்லி இரண்டு பக்கமும் திருப்பச் சொல்லுங்கள். ஒரே பக்கம் திருப்பிக் காட்டிவிட்டு இன்ஜினை அணைத்தால் சந்தேகப்படுங்கள் (செயின்சத்தம் சார் கோபித்துக்கொள்ள வேண்டாம்). அப்புறம், செயினை இறுக்கும் அந்தப் பெரிய ஸ்பிரிங்கை நீங்களாகக் கழற்றப் போகாதீர்கள். அமுக்கப்பட்டே உட்கார்ந்திருப்பது, வெளியே வந்தால் ஆளைக் கொல்லும். அதற்கென்று பிரஸ் உள்ளவர்களிடம் போங்கள்.

#21 செயின்சத்தம்

கோபமெல்லாம் இல்லை சார். என் வண்டியும் இடப்பக்கம் மட்டும் திருப்பிக் காட்டப்பட்டதுதான். வாங்கும்போது எனக்குத் தோன்றவே இல்லை.

எல்லாப் பதில்களையும் படித்தேன். இப்போது கிளட்சுக்கு வருகிறேன். வலது லிவரை இழுத்தால் வெறுமனே வருகிறது, வண்டி நேராகவே போகிறது. வருஷக்கணக்கில் மழையில் நின்றிருக்கிறது. பிரித்தெடுக்காமல் விடுவிக்க வழி உண்டா?

#22 பழைய_ஸ்பேனர்

துருப்பிடித்துத் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். உங்கள் வண்டியில் அது உலர்ந்த கிளட்ச், எண்ணெயில் ஓடுவதில்லை. முதலில் அந்த அறையின் அடியில் உள்ள வடிகால் பிளக்கைக் கழற்றுங்கள். தண்ணீர் வந்தால் துருதான் காரணம். கெட்டியான எண்ணெய் வந்தால் சீல் போயிருக்கிறது, அது வேறு வைத்தியம்.

துரு என்றால் பிளக்கை மூடி அறைக்குள் டீசல் ஊற்றி ஊறவிடுங்கள். ஒரு வாரம், இரண்டு வாரம், அவசரமில்லை. லிவரை இழுத்த நிலையிலேயே கயிறு போட்டுக் கட்டிவையுங்கள். பிறகு முழுக்க வடித்து, காயவிட்டு, வண்டியை நன்றாகச் சூடாக்குங்கள். சமதளத்தில், முன்னால் யாரும் இல்லாத இடமாகப் பார்த்து, இரண்டாவது கியரில் போட்டு வலது லிவரை முழுக்க இழுத்து வலது பிரேக்கை மிதியுங்கள். விடும்போது திடீரென்று விடும், அதற்குத் தயாராக இருங்கள். பக்கத்தில் எதுவும் இருக்க வேண்டாம்.

விட்டுவிட்டால், இனி நிறுத்திவைக்கும்போதெல்லாம் இரண்டு லிவரையும் இழுத்துக் கட்டியே வையுங்கள். மறுபடி ஒட்டாது.

#23 எதிர்க்கட்சி

நெருப்பு பக்கத்தில் வேண்டாம், தரையில் கொட்டாமல் பாத்திரம் வையுங்கள். இதில் மட்டும் ஆளுங்கட்சியோடு உடன்படுகிறேன். என்ன ஆயிற்று என்று எழுதுங்கள்.

என்னையும் யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். செயின் போன அந்த வண்டியை நான் இன்னும் விற்கவில்லை. பதினொரு வருஷம் ஆகிறது. ஏன் என்று கேட்காதீர்கள்.

#24 செயின்சத்தம்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

பிளக்கைக் கழற்றியதும் முதலில் வந்தது தேன் நிறத்தில் துருத்தண்ணீர், அரை வாளி. பதினேழு நாள் டீசலில் ஊறவைத்தேன். நேற்று வடித்துக் காயவிட்டு, இன்று காலை கிளப்பினேன். மகள் தள்ளி நின்று பார்த்தாள். இரண்டாவது கியர், லிவர், பிரேக். ஒன்றும் இல்லை. மறுபடி. இன்ஜின் முக்கியது, செயின் மண்ணைக் கிளறியது, நேராகவே போனது. ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ, உள்ளே "டங்" என்று ஒரு சத்தம். இருக்கையின் வழியாக முதுகில் கேட்டது என்றுதான் சொல்ல வேண்டும். வண்டி நின்ற இடத்தில் வலப்பக்கம் சுழன்றது.

பழைய_ஸ்பேனர் சார் பக்கத்தில் எதுவும் இருக்க வேண்டாம் என்று எழுதியிருந்தார். முன்னால் இல்லையே என்று நான் வலப்பக்கத்தைப் பார்க்கவில்லை. வேலியில் இரண்டு கம்பம் போயிற்று. மகள் ஓடிவந்து முதலில் கேட்டது வேலியைப் பற்றி இல்லை, "இன்னொரு தடவை செய்யுங்கப்பா" என்றாள்.

லிவர்கள் இரண்டையும் கட்டிவிட்டேன். கம்பம் நடக் குழி தோண்ட வேண்டும், படம் நாளை போடுகிறேன்.